ஞாயித்துக் கெழம கணக்குல இல்ல

எங்க வூட்டு அலமாரில, துணிக்கு அடியில ஒரு தகர பென்சில் டப்பா இருந்துச்சு. மூடி மேல இருந்த பொம்ம எல்லாம் தேஞ்சி போயி வெறும் தகரம் தான் மிச்சம். அதுக்குள்ள நாலா மடிச்ச ஒரு சீட்டு. நாலு கோடு நோட்டுல இருந்து கிழிச்சது, பென்சில்ல எழுதினது. எழுதினவன் ஒவ்வொரு எழுத்தையும் தரையில ஆணி அடிக்கிற மாரி அழுத்தி எழுதியிருக்கான். பின்னாடி பக்கம் வெரலு வெச்சி தடவினா கண்ண மூடிகினே படிக்கலாம். "எனக்கு ரொம்ப புடிச்சது எங்க அக்கா. நாப்பது நாளு வுட்டுடுறேன்." அவ்ளோ தான். கீழ அவன் பேரு, ரெண்டாங் கிளாஸு.

அந்த அக்கா நான் தான். எழுதினவன் என் தம்பி. போன நவம்பர் மழையில ஜொரம் வந்துச்சு, பதினோரு நாளு படுத்தான், போயிட்டான். இருவது வயசு. கண்டெய்னர் யார்டுல வேல செஞ்சிகினு இருந்தான். அத பத்தி இதுக்கு மேல எழுத எனக்கு தெம்பு இல்ல, எழுதினா அவனுக்கும் புடிக்காது. ஆளுங்க அழுவுற எடத்துல அவன் நின்னதே கெடையாது. சாவு வூட்டுக்கு போனா கூட டீ குடுக்குற வேலைய வாங்கிகினு டம்ளரோட ஓடிகினே இருப்பான். அதனால இது அவன் செத்தத பத்தி இல்ல. ஏழு வயசுல அவன் என்னைய தவக்காலத்துக்கு வுட்டுட்ட கதை.

எங்க ஸ்கூலு ராயபுரத்துல, சிஸ்டருங்க நடத்துறது, அஞ்சாவது வரைக்கும் தான். காலைல ப்ரேயர்ல நிக்கிறப்போ காத்து கடல் பக்கத்துல இருந்து அடிச்சா கருவாட்டு வாசனையோட தான் ஜெபம் சொல்லணும். ஈஸ்டருக்கு முன்னாடி நாப்பது நாளு தவக்காலம், அது தொடங்குற சாம்பல் புதன் வந்தா எங்களுக்கு திருவிழா மாரி. போன வருசம் கோயில்ல குடுத்த குருத்தோலைய வூட்டுல மாதா படத்துக்கு பின்னால சொருவி வெச்சிருப்போம் இல்ல, அத எடுத்தாந்து குடுக்கணும். அத எரிச்சி தான் சாம்பலு. யாரு வூட்டு ஓலை யாரு நெத்தியில வந்துச்சுன்னு நாங்க சண்ட போட்டுக்குவோம். நெத்தியில சிலுவ போட்டப்பறம் அவங்கவங்க கிளாஸுல குந்தி சீட்டு எழுதணும். நாப்பது நாளு ஆண்டவருக்காக எத வுடப் போறோம்னு எழுதி, மடிச்சி, மேல பேரு போட்டு, ஆபீஸ் ரூம்ல கீற மரப் பெட்டில போட்டுடணும். யாரும் பிரிச்சி பாக்க மாட்டாங்க. ஈஸ்டர் முடிஞ்சி ஸ்கூல் தொறந்த அன்னிக்கி பெட்டிய தொறந்து சீட்ட அவங்கவங்க கையில குடுப்பாங்க. ஒழுங்கா முடிச்சவன் கொண்டு போயி மண் சட்டி நெருப்புல போடலாம். நடுவுல உடைச்சவன் வூட்டுக்கு எடுத்துகினு போயிடணும். இன்னொரு சட்டமும் கீது. ஒருத்தர் சீட்ட இன்னொருத்தர் போடக் கூடாது. எரிக்கிற அன்னிக்கி லீவ் போட்ட புள்ளைங்க சீட்டு பெட்டிலயே இருக்கும், அதுங்க வர்ற வரைக்கும்.

மத்த ஊர்ல தவக்காலம்னா கறி வுடுவாங்களாம். எங்க பேட்டைல கறி மாசத்துக்கு ஒரு வாட்டி, அத வுட்டா இன்னா பெரிய தியாகம்? மீனு தான் தெனம். மீன வுடுறேன்னு வூட்டுல சொன்னா எங்க அம்மா, "அப்ப தொரைக்கு தெனம் பிரியாணியா ஆக்கி போடறது?"ன்னு கேக்கும். அதனால பெரிய சிஸ்டர் அந்த வருசம் எல்லா கிளாஸுக்கும் வந்து சொன்னாங்க. "சும்மா எதையாச்சும் எழுதாதீங்க. உங்களுக்கு எது ரொம்ப ரொம்ப புடிக்குமோ, அத யோசிச்சி எழுதுங்க." என் கிளாஸுல ஒருத்தன் ஓம் ஒர்க்க வுடுறேன்னு எழுதிட்டு அத எல்லார்கிட்டயும் சொல்லிகினு திரிஞ்சான். இன்னொருத்தன் குளிக்கிறத வுடுறேன்னு எழுதினான், அவனுக்கு குளிக்கிறது ரொம்ப புடிக்குமாம். நா டிவின்னு எழுதினேன். நா அஞ்சாவது, தம்பி ரெண்டாவது.

அன்னிக்கி சாயங்காலம் கேட்டாண்ட அவன் எனக்காக நின்னுகினு இருந்தான். நெத்தியில சாம்பலு, வாயில கமர்கட்டு. என்னைய பாத்து, "அக்கா, நாப்பது நாளைக்கி டாட்டா"ன்னான். கைய ஆட்டினான். அவ்ளோ தான், வாய மூடிகினான். "இன்னாடா ஆச்சு?"ன்னு கேட்டேன், பதில் இல்ல. தலைல ஒரு தட்டு தட்டினேன், அப்பவும் இல்ல. கமர்கட்ட இந்த கன்னத்துல இருந்து அந்த கன்னத்துக்கு தள்ளிகினு வானத்த பாக்குறான். இஸ்துகினு அவன் மிஸ்கிட்ட போனேன். மிஸ்ஸுக்கு சிரிப்பு தாங்கல. "புடிச்சத வுடணும்னு தான் சொன்னோம். உன் தம்பி ரொம்ப நேரம் பென்சில கடிச்சிகினு யோசிச்சான். அப்பறம் வந்து, 'மிஸ், ஆளுங்கள எழுதலாமா?'ன்னு கேட்டான். நா எதையோ நெனச்சிகினு எழுதலாம்னுட்டேன்"னு சொன்னாங்க.

எனக்கு அப்ப பெருமை ஒன்னும் வரல, கோவம் தான் வந்துச்சு. வழியெல்லாம் திட்டிகினே போனேன். "என்னைய வுட்டுட்டு கமர்கட்ட வெச்சிகினியாடா, கம்மனாட்டி?" அவன் அத சப்பிகினே வந்தான். ரோடு தாண்டுற எடத்துல தான் பேஜாராச்சு. அந்த ரோட்டுல கண்டெய்னர் லாரி எறும்பு மாரி வரிசையா நிக்கும், என் கைய புடிக்காம அவன் தாண்டக் கூடாதுன்னு அம்மா ஆர்டர். கைய நீட்டினேன். அவன் என் கைய பாத்தான், லாரிய பாத்தான், கொஞ்ச நேரம் யோசிச்சான். அப்பறம் என் ஸ்கூல் பையில தொங்குற வாரு நுனிய புடிச்சிகினான். அக்காவ தான் வுட்டான், பைய வுடல. அதுல இருந்து தெனம் அவன் என் பை வாரு புடிச்சிகினு தான் ரோடு தாண்டினான். பின்னாடி இருந்து பாத்தா ஆட்டுக் குட்டிய ஓட்டிகினு போற மாரி இருக்குமாம், ரோட்டாண்ட கடை வெச்சிருந்தவரு சொல்லி சொல்லி சிரிப்பாரு.

வூட்டுல மொத நாளு அம்மாவுக்கு புரியல. "இன்னாடி, ரெண்டு பேரும் அடிச்சிகினீங்களா?"ன்னு கேட்டுச்சு. விசயத்த சொன்னதும் அடுப்பாண்ட குந்திகினு கண்ணுல தண்ணி வர்ற மாரி சிரிச்சிச்சு. எங்க நைனா ஹார்பர்ல மூட்ட தூக்குறவரு, வேல முடிஞ்சி வந்தா காதுல சத்தம் வுழக் கூடாது அவருக்கு. "யப்பா, ஆண்டவரே, இத்தினி வருசத்துல இப்ப தான் வூடு வூடா கீது. ஏண்டா, நாப்பத நூறா ஆக்க முடியாதா?"ன்னாரு. தம்பி நைனாகிட்ட பேசுவான், அம்மாகிட்ட பேசுவான், பூனைகிட்ட பேசுவான். என்கிட்ட மட்டும் இல்ல. தண்ணி கொடத்த நா தூக்க முடியாம தூக்கினா ஓடி வந்து ஒரு பக்கம் புடிப்பான், ஆனா மூஞ்ச திருப்பிகினு. நா தூங்கிட்டேன்னு நெனச்சி போர்வைய இஸ்து வுடுவான். சாமி சத்தியமா சொல்றேன், அந்த மூணு நாளுல எனக்கு காது செவுடாப் போன மாரி இருந்துச்சு. பகல்ல எத்தினி வாட்டி அவன் அக்கா அக்கான்னு கூப்புட்டுகினு இருந்தான்னு, கூப்புடாதப்போ தான் தெரிஞ்சிச்சு.

மொத ஞாயித்துக் கெழம வந்துச்சு. பூசை முடிஞ்சி எனக்கு மறைக்கல்வி, அதான் வேதம் சொல்லித் தர்ற கிளாஸு, சீக்கிரம் வுட்டுட்டாங்க, நா வூட்டு வாசல்ல தலைக்கு எண்ண தடவிகினு குந்திகினு இருந்தேன். தெரு மொனைல இருந்து ஒரு சத்தம். "அக்காவ்வ்வ்! கணக்குல இல்ல! ஞாயித்துக் கெழம கணக்குல இல்ல!" ஒரு செருப்பு கால்ல, ஒரு செருப்பு கையில, ஓடி வரான். தெருவுல மீனு வெட்டிகினு இருந்த அக்கா கத்திய கீழ வெச்சிட்டு எட்டிப் பாக்குது. மறைக்கல்வி டீச்சரு அன்னிக்கி சொல்லியிருக்காங்க, ஞாயித்துக் கெழம ஆண்டவரு உயிர்த்த நாளு, அதனால நாப்பது நாள்ல அத சேக்கக் கூடாதுன்னு. காலண்டர்ல எண்ணிப் பாத்தா மொத்தம் நாப்பத்தாறு வரும், ஆறு ஞாயித்துக் கெழமைய கழிச்சா தான் நாப்பது. மூச்சு வாங்கிகினே அத என்கிட்ட வெளக்கினான். அப்பறம் பேச ஆரம்பிச்சான் பாருங்க, சாப்பாட்டுக்கு கூட நிறுத்தல.

பேச வேண்டியத மறக்காம இருக்க ஒரு வழி வெச்சிருந்தான். இடது கையில பேனாவால புள்ளி. வாரத்துல எனக்கு சொல்லணும்னு எது தோணினாலும் ஒரு புள்ளி வெச்சிக்குவான். தண்ணி பட்டா அழிஞ்சிடும்னு அந்த கைய மட்டும் தூக்கி வெச்சிகினு குளிப்பானாம், அம்மா சொல்லும். ஞாயித்துக் கெழம காலைல என் பக்கத்துல குந்தி சட்ட கைய மடிச்சி வுட்டு ஒவ்வொரு புள்ளியா தொட்டு சொல்லுவான். "இது, பெரிய சிஸ்டருக்கு தும்மல் வந்துச்சுக்கா, கண்ணாடி வுழுந்துச்சு. இது, நேத்து நீ போட்டுகினு வந்த ரிப்பன் ஷோக்கா இருந்துச்சு. இது, என் பக்கத்துல குந்துறவன் எறும்ப துன்னுட்டான், புளிப்பா இருந்துச்சாம். இது..." நின்னுடுவான். கைய கண்ணாண்ட கொண்டு போயி பாப்பான். "இது இன்னா புள்ளின்னு மறந்துட்டேங்க்கா." மறந்த புள்ளிக்கு அவன் மூஞ்சி வாடுறத பாத்தா எனக்கு சிரிப்பும் வரும், பாவமாவும் இருக்கும். கடைசில, "அது அடுத்த வாரம் நாபகம் வரும்"னு அத மட்டும் அழிக்காம வெச்சிக்குவான். திங்கக் கெழம காலைல எழுந்தா வாய் பூட்டிகினு இருக்கும்.

அப்பிடியே அஞ்சு வாரம் போச்சு. ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு தான் குருத்து ஞாயிறு, அதுக்கு முன்னாடி வெள்ளிக் கெழம, ஸ்கூல் மைதானத்துல சிலுவைப் பாதை. ஆண்டவரு சிலுவ சொமந்துகினு போறத பதினாலு எடமா பிரிச்சி அஞ்சாவது புள்ளைங்க நடிச்சி காட்டணும். சிலுவைக்கு மரம் எங்க நைனா ஹார்பர்ல இருந்து கொண்டாந்த பேக்கிங் கட்டை, அதுல ஒரு ஓரத்துல கப்பல் கம்பெனி முத்திர கூட அழியாம இருந்துச்சு. நா தான் வெரோணிக்கா. ஆறாவது எடத்துல கூட்டத்துல இருந்து ஓடி வந்து ஆண்டவரு மூஞ்சிய ஒரு வெள்ளத் துணியால தொடைச்சி, அத விரிச்சி காட்டணும். துணில அவரு மூஞ்சி பதிஞ்சிருக்கும். எனக்கு பேச்சே கெடையாது, துணி தான் எல்லாம். நைனாவோட பழைய வேட்டிய கிழிச்சி, மிஸ்ஸு அதுல கரியும் செவப்பு கலரும் வெச்சி மூஞ்சி வரைஞ்சி குடுத்திருந்தாங்க. கலரு காயலன்னு நா அத கிளாஸ் ஜன்னல் மேல காய வெச்சேன். தலைல முக்காடு போட்டு வுட்டதும் அந்த சந்தோசத்துல வெளிய ஓடியாந்துட்டேன். துணி ஜன்னல் மேலயே.

எனக்கு தெரியாது. அஞ்சாவது எடம் நடந்துகினு கீது, நா கூட்டத்து ஓரமா ரெடியா நிக்கிறேன். எதிர் பக்கம் சின்னப் புள்ளைங்க குந்தியிருக்கிற எடத்துல எங்க தம்பி மட்டும் எழுந்து நின்னுகினு கொரங்கு மாரி குதிக்கிறான். கையில எதையோ சுருட்டி வெச்சிகினு கீறான். தன் மூஞ்சிய தானே தொடச்சி காட்டுறான். என் மூஞ்சில கரி ஒட்டிகினு கீது போலன்னு நா முக்காட்டு நுனியால என் மூஞ்சிய தொடச்சேன். அவன் தலைல அடிச்சிகினான். திரும்ப குதிச்சான், திரும்ப தொடச்சான். நா இன்னும் அழுத்தி தொடச்சிகினேன். பக்கத்துல இருந்த யூத பொம்பளைங்க எல்லாம் என்னைய பாத்து அதுங்க மூஞ்சியையும் தொடைக்க ஆரம்பிச்சிட்சுங்க. மிஸ்ஸு அவன ஒக்காருன்னு கைய காட்டுறாங்க. ஆண்டவரு சிலுவையோட என் முன்னாடி வந்து முட்டி போட்டாரு. நா ஓடி போனேன், கைய நீட்டினேன். ரெண்டு கையும் காலி. மொத்த ஸ்கூலும் மூச்சு வுடாம பாக்குது. அப்ப தான் வந்துச்சு அந்த சத்தம்.

"அக்கா! துணிக்கா! மூஞ்சி தொடைக்கிற துணி!"

கடல் வரைக்கும் கேட்டிருக்கும். ஆண்டவரா நடிச்சவன் முள்முடிக்கு கீழ இருந்து, "சீக்கிரம் வாங்கித் தொலைடி, முட்டி வலிக்கிது"ன்னான். ரோமாபுரி சிப்பாய் ஒருத்தன் சிரிச்சி சிரிச்சி ஈட்டிய கீழ போட்டுட்டான், அது தொடப்பக் கட்ட. பெரிய சிஸ்டர் ஜெபப் புஸ்தகத்த மூஞ்சிக்கு நேரா தூக்கிகினாங்க, புஸ்தகம் குலுங்குது. தம்பி புள்ளைங்கள தாண்டி ஓடியாந்து, ஜன்னல் மேல இருந்து எடுத்து வெச்சிருந்த துணிய என் கையில திணிச்சான். நா தொடச்சி விரிச்சேன், அவசரத்துல தலகீழா விரிச்சேன். அந்த வருசம் எங்க ஆண்டவரு தாடி மேல, நெத்தி கீழயா பதிஞ்சாரு.

எல்லாரும் சிரிச்சி முடிக்கிறதுக்குள்ள நா அவன தான் பாத்தேன். ரெண்டு கையாலயும் வாய பொத்திகினு நிக்கிறான். கண்ணு ரெண்டும் இம்மாம் பெருசா. அப்ப தான் அவனுக்கு ஒறச்சிருக்கு. வெள்ளிக் கெழம. முப்பத்தி மூணாவது நாளு. இன்னும் ஏழே ஏழு நாளு தான் பாக்கி. மத்த எட்டு எடமும் அவன் அழுதுகினே பாத்தான். அவன் அழுவுறத பாத்து ஒரு பெரியம்மா, "இந்த வயசுல இன்னா பக்தி பாரு"ன்னு சொல்லிச்சு.

சாயங்காலம் கேட்டாண்ட பை வார புடிக்க வந்தான். நா பைய கயட்டி இந்த தோள்ல இருந்து அந்த தோளுக்கு மாத்திட்டு கைய நீட்டினேன். "அதான் போச்சே, வாடா." மூக்க ஒறிஞ்சிகினான். அப்பறம் என் கைய புடிச்சான். லாரிக்கு நடுவுல பூந்து அந்த பக்கம் போயி சேர்ற வரைக்கும் பேசல. போனதும், "சரி வுடுக்கா. இனிமே எல்லா நாளும் ஞாயித்துக் கெழம தான்"னு சொல்லி அழுத மூஞ்சியோட சிரிச்சான். சட்ட கைய மடிச்சான். அந்த வாரத்துல பதினாலு புள்ளி இருந்துச்சு.

ஈஸ்டர் முடிஞ்சி மத்தவங்க எல்லாம் சட்டில சீட்டு போட, இவன் மட்டும் எடுத்துகினு வூட்டுக்கு வந்தான். "பத்திரமா வெய்யிக்கா, ஒரு வருசம் முழுசா முடிச்சி எரிக்கிறேன்." அதுல இருந்து வருசா வருசம் சாம்பல் புதன் வந்தா காலைல எனக்கு டாட்டா காட்டுவான். மீச மொளச்சப்பறமும் காட்டுவான். சாயங்காலம், "அக்கா, டீ"ன்னு கத்துவான். அம்மா உள்ள இருந்து, "ஆச்சு, முடிஞ்சிச்சு அவன் தவக்காலம்"னு சொல்லும்.

நா எட்டாவதோட நின்னுட்டேன். இப்ப அதே ஸ்கூல்ல ஆயா வேல, கிளாஸு கூட்டுறது, சின்னப் புள்ளைங்கள பாத்துக்கிறது. இருவத்தி மூணு வயசுல என்னைய ஆயா ஆயான்னு கூப்புடுதுங்க, தம்பி இருந்த வரைக்கும் அத சொல்லியே வூட்டுல என்னைய ஓட்டுவான். இந்த வருசம் சாம்பல் புதன் அன்னிக்கி எனக்கு டாட்டா காட்ட ஆளு இல்ல. நவம்பர்ல இருந்து எங்க வூட்டுல அவன் பேர யாரும் எடுக்கல. அம்மா எடுக்கல, நைனா எடுக்கல. நா கல்லறைக்கே போவல. போயி இன்னா பேசுறது? இப்பிடியே இருந்தா அவன் இருந்தான்றதே இந்த வூட்டுல இல்லாம போயிடுமோன்னு எனக்கு பயம். சாம்பல் புதனுக்கு அடுத்த நாளு ஒன்னாவது படிக்கிற ஒரு குட்டி என் பொடவைய புடிச்சி இஸ்துச்சு. "ஆயா, நா சாக்லேட் வுட்டுட்டேன். ஞாயித்துக் கெழம துன்னலாமா?" நா தொடப்பத்த வெச்சிட்டு தரையிலயே குந்திட்டேன். நவம்பருக்கு அப்பறம் அன்னிக்கி தான் சிரிச்சேன். "துன்னு கண்ணு. ஞாயித்துக் கெழம கணக்குல இல்ல"ன்னேன்.

அன்னிக்கி கையில மொத புள்ளி வெச்சேன். ஞாயித்துக் கெழம பூசை முடிஞ்சி நேரா கல்லறைக்கு போயி அவனாண்ட குந்தி ஒவ்வொன்னா சொன்னேன். குட்டி சாக்லேட் கேட்டது, நைனா அவன் சட்டைய போட்டுகினு வேலைக்கு போறது, பூன குட்டி போட்டது. ஒரு புள்ளி இன்னான்னு மறந்துட்டேன். அழிக்கல. ஆறு ஞாயித்துக் கெழமையும் போனேன். அம்மா என் கைய மட்டும் பாக்கும்.

ஈஸ்டருக்கு அடுத்த நாளு, திங்கக் கெழம, ஸ்கூல்ல சீட்டு எரிச்சாங்க. பென்சில் டப்பாவ நா பையில வெச்சி எடுத்துகினு போயிருந்தேன். இந்த வருசம் அவன் நாப்பது நாளும் என்கிட்ட ஒரு வார்த்த பேசல இல்ல. முழுசா முடிச்சிட்டான். அவனுக்கு தான் எரிக்கணும்னு எம்மா ஆச. புள்ளைங்க எல்லாம் போட்டு முடிச்சதும் சீட்ட கையில புடிச்சிகினு சட்டியாண்ட போனேன். சூடு வெரல்ல பட்டுச்சு. அப்ப தான் சட்டம் நாபகம் வந்துச்சு. ஒருத்தர் சீட்ட இன்னொருத்தர் போடக் கூடாது. மரப் பெட்டிய தொறந்து பாத்தேன், உள்ள ரெண்டு சீட்டு, லீவ் போட்ட புள்ளைங்களுது. மூணாவதா எங்க தம்பிய வெச்சேன். மூடினேன்.

சாயங்காலம் வூட்டுல காலி டப்பாவ அலமாரில வெச்சிகினு இருந்தேன். அம்மா பின்னாடி வந்து நின்னுச்சு. "உள்ள இருந்த சீட்டு எங்கடி?"

"ஸ்கூல்ல கீதும்மா. லீவ் போட்ட புள்ளைங்களோட."

அம்மா டப்பாவ வாங்கி மூடிய தொறந்து பாத்துச்சு, மூடிச்சு, திரும்ப தொறந்துச்சு. நா செருப்ப மாட்டினேன்.

"எங்க போற? இன்னிக்கி ஞாயித்துக் கெழம இல்லியே."

"தவக்காலம் முடிஞ்சிடுச்சும்மா. இனிமே எல்லா நாளும் போலாம்."

அம்மா டப்பாவ இடுப்புல சொருவிகினு அவன் பேர சொல்லிச்சு. சத்தமா, தெருவுல வெளையாடுறவன சாப்புட கூப்புடுற மாரி. அப்பறம், "அவன்கிட்ட எனக்கும் ஒன்னு சொல்லணும், இரு"ன்னுட்டு கட்டிலுக்கு கீழ குனிஞ்சி செருப்ப தேட ஆரம்பிச்சிச்சு.